அறுபதைத் தாண்டிய பெண்கள் எடையைக் குறைத்து, அது திரும்ப ஏறாமல் வைத்துக்கொள்வது எப்படி?

தேவகோட்டையில் இருக்கும் உங்கள் தாயாருக்கு 61 வயது, எடை 79 கிலோ, முழங்கால் வலி என்றும், இரவுச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தும் எடை சரியாக இறங்கவில்லை, இறங்கிய சிறிதும் தங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. காரைக்குடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். எனக்கு இப்போது 64 வயது. 77 கிலோவாக இருந்த நான் பதினாறு மாதங்களில் 66 கிலோவுக்கு வந்தேன். இப்போது நான்காவது ஆண்டாக அதற்கு ஒன்றரைக் கிலோ மேலே கீழேயாக இருந்துவருகிறேன். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே இது நடந்தது என்பதால்தான் பதில் எழுதத் துணிகிறேன்.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தாயார் இப்போது செய்வதும் ஏறக்குறைய அதுதான். 57 வயதில், காலையில் கஞ்சி, மதியம் கொஞ்சம் சோறு, இரவில் ஒன்றுமில்லை என்று மூன்று மாதம் இருந்தேன். முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினேன். 75 கிலோ 69 ஆயிற்று. எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்த அந்த நாள்களில்தான், இரண்டாங்கட்டில் மணையில் அமர்ந்து சீப்புச் சீடைக்கு மாவை உருட்டிக்கொண்டிருந்தவள், வேலை முடிந்து எழ முயன்றபோது எழ முடியவில்லை. வலி இல்லை, மயக்கமும் இல்லை. தொடையில் பலம் இல்லை, அவ்வளவுதான். வேலைக்கு வரும் பெண், "ஆச்சி, கையைக் குடுங்க" என்று தூக்கிவிட்டாள். பயந்துபோய்ப் பழையபடி சாப்பிடத் தொடங்கினேன். அடுத்த பத்து மாதத்தில் குறைந்த ஆறு கிலோவும் வந்து, மேலே இரண்டு கிலோவும் ஏறி, 77 ஆனேன்.

நடந்தது என்னவென்று பின்னால்தான் விளங்கியது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைந்துகொண்டே போகிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், முன்பு இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. இந்த நிலையில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைகிறது. எடை திரும்பும்போதோ பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. ஆகவே தராசில் பழைய எண்ணே தெரிந்தாலும் உடம்பு பழைய உடம்பு அன்று. நம் வயதுப் பெண்களுக்கு எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட, குறைந்தது எது என்பதே முக்கியமான கேள்வி. மற்றதெல்லாம் எனக்கு இதிலிருந்துதான் கிளைத்தது.

தொடங்குமுன் தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை இறங்குவது கடினம். சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். எந்த முயற்சியும் இல்லாமல் தானாகவே எடை குறைந்தால் மகிழ வேண்டாம், மருத்துவரிடம் போகவேண்டும்.

இரண்டாம் முறை நான் எதையும் குறைக்காமல் தொடங்கினேன். பலகாரக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில், ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம் போட்ட உடனே எழுதினேன். கணக்கு எழுதுவது எங்கள் பக்கத்தில் பழகிய கை. ஆனாலும் அந்த வாரத்து ஐந்தொகையைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. ஒவ்வோர் ஈடும் சட்டியிலிருந்து எடுத்தவுடன் வெந்திருக்கிறதா, உப்புச் சரியா என்று பார்க்க ஒன்றை ஒடித்து வாயில் போடுவேன். தேன்குழல் ஒரு துண்டு, கை முறுக்கில் ஒரு சுற்று, மணகோலத்தில் ஒரு பிடி. நாளொன்றுக்கு ஐம்பது கிராமுக்குக் குறையாது. எண்ணெயில் பொரித்த பலகாரம் நூறு கிராமுக்கு ஐந்நூறு கலோரி அளவில் இருக்கும் என்பதால், ருசி பார்ப்பது மட்டுமே 250 கலோரி. நாலு தடவை காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, அது 160. பேரப்பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த தோசையும் நெய்யும் தனி. அத்தனையும் சேர்ந்து ஐந்நூறைத் தாண்டியது. நான் முன்பு தியாகம் செய்த இரவுச் சாப்பாடோ மூன்று இட்லி; சட்னியோடு சேர்த்தாலும் இருநூற்றைம்பதுக்குள்தான். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, சாப்பாடு என்று கணக்கில் வராததை அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்போது ருசி பார்ப்பது என் வேலை இல்லை. வேலை செய்யும் பெண்கள் முறைபோட்டுப் பார்க்கிறார்கள். (விற்பனை குறையவில்லை. சொல்லப்போனால் அவர்கள் நாக்கு என்னுடையதைவிடக் கறாரானது.) காப்பி இரண்டு தடவை, அரைக் கரண்டி சர்க்கரை.

அடுத்தது எண்ணெய். மூன்று பேர் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலுக்கு, பலகாரக் கணக்குப் போக, மாதம் ஐந்து லிட்டர் செலவானது. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 மில்லி என்றால் அதிலேயே ஐந்நூறு கலோரிக்குப் பக்கம் வந்துவிடுகிறது. எண்ணெய்ப் பாத்திரத்திலிருந்து நேரே ஊற்றுவதை நிறுத்திவிட்டு, அன்றைய சமையலுக்கு உரியதைக் காலையிலேயே ஒரு கிண்ணத்தில் அளந்து அடுப்படியில் வைத்தேன். கிண்ணம் தீர்ந்தால் அன்றைக்குத் தீர்ந்தது. இப்போது மாதம் இரண்டு லிட்டர் போதுமானதாக இருக்கிறது. முதல் பத்து நாள் கத்தரிக்காய்க் குழம்பு என்னைப் பார்த்துச் சிரித்தது உண்மைதான். பிறகு மிளகையும் சீரகத்தையும் சோம்பையும் வறுத்து அரைப்பதில் கவனம் வைத்ததும் எண்ணெயின் குறை தெரியவில்லை.

சோற்றைக் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று முறை போட்டுக்கொள்வதே நம் வழக்கம். நான் ஒரே கிண்ணச் சோற்றைக் குழம்புக்கும் மோருக்கும் பிரித்துக்கொண்டு, ரசத்தைத் தனியாகக் குடித்துவிடுகிறேன். குறைந்த சோற்றின் இடத்தைக் காய்கறியாலும் புரதத்தாலும் நிரப்பவேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் நான்கு மணிக்குப் பலகாரத் தூக்கைத் திறக்கிறார்கள். வயதானவர்களுக்கு நாளொன்றுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதுமை உணவு வல்லுநர்கள் சொல்கிறார்கள் (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்). அந்த வாரத்து நோட்டில் என் கணக்கு நாற்பது கிராம்கூட எட்டவில்லை. இப்போது காலையில் ஐந்து இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும். மதியம் கெட்டிப் பருப்பு அல்லது மீன், இரண்டு காய், தயிர். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ தட்டைப்பயறோ. இரவு ஏழு மணிக்குள் இரண்டு இடியாப்பமும் பாசிப்பருப்பும், படுக்குமுன் சர்க்கரை இல்லாத பால். பசி இல்லை. இது சிறிய செய்தி அன்று. பசியோடு பதினாறு மாதம் யாராலும் இருக்கமுடியாது.

கவுனி அரிசி எடையைக் குறைக்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அதில் நார்ச்சத்தும் நிறமிச் சத்தும் உண்டு, ஆனால் கலோரி மற்ற அரிசியை ஒட்டியதே. சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் சேர்த்து நாம் கிண்டும் கவுனி அரிசி, பெயர் எதுவானாலும் இனிப்புத்தான். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதில் கொள்ளு நல்ல பயறு என்ற அளவுக்கு எனக்கு உடன்பாடு. அது கொழுப்பைத் தேடிப் போய்க் கரைக்கும் என்ற அளவுக்கு இல்லை. கும்மாயம் இடுப்புக்குப் பலம் என்று என் மாமியார் ஊட்டாத குறையாகக் கொடுப்பார். உளுந்தின் பலம் மெய். அதில் குளிக்கும் நெய்யும் மெய். ஆடியில் ஒரு நாள் அரைக் கிண்ணம் சாப்பிடுகிறேன்.

இனி உடற்பயிற்சி. எங்கள் பக்கத்தில் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிற பெண்களுக்கு நடக்கத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் ஆண்டில் ஒரு வாரம் நடப்பது முருகனுக்குப் போதும், உடம்புக்குப் போதாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும், 65 வயதுக்கு மேல் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சொல்கிறது. நான் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் என்று தொடங்கினேன். வெயில் காலத்தில் ஊருணிக் கரையை விட்டுவிட்டு வீட்டு வளவை (நடுமுற்றத்தை)ச் சுற்றியே நடப்பேன்.

நடையைவிட என்னை மீட்டது நாற்காலிதான். கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து உட்காரவேண்டும். அறுபது முதல் அறுபத்து நான்கு வயதுப் பெண், முப்பது விநாடியில் பன்னிரண்டு தடவைக்குக் குறைவாக எழுந்தால் கால் பலம் குறைவு என்று கொள்கிறார்கள். நான் முதல் நாள் ஆறு. ஏழாவதற்கு உடம்பு நாற்காலியைவிட்டுக் கிளம்பவேயில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தேன். அதோடு சுவரில் கை வைத்துத் தள்ளுதல், தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குதல், ஒற்றைக்காலில் நிற்றல், ஒரு கிலோ அரிசிப் பையைக் கைக்கு ஒன்றாகத் தூக்கி இறக்குதல். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. நான்காம் மாதம் மணையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தேன். எடை அப்போது மூன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது.

முழங்கால் வலியால் தாயார் தயங்குவார். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வலிக்காத உயரத்தில், நாற்காலியின்மேல் ஒரு தலையணை போட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம், ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தாலே அது ஐந்து விழுக்காடு, அந்த அளவுக்கே சர்க்கரையிலும் அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

குறைத்த எடையைக் காப்பது வேறொரு வேலை. எடை குறைந்தபின் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடியும், நிறைவை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தும் இருப்பது ஓராண்டு கழிந்த பின்னும் தொடர்வதாக 2011ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே திரும்பச் சாப்பிடத் தோன்றுவது மனத்தின் பலவீனம் என்று தாயாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். எடையைக் குறைத்துக் காத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனித்துவருகிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கிறார்கள், நாள்தோறும் ஒரு மணி நேர அளவுக்கு உடம்பை அசைக்கிறார்கள். நான் வெள்ளிக்கிழமை காலையில், தலைக்குக் குளிப்பதற்கு முன், எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். 67.5 என்று வந்தால் அன்றிலிருந்து இரண்டு வாரம் மறுபடியும் எல்லாவற்றையும் எழுதித்தான் சாப்பிடுவேன். தீபாவளிக்குப் பின் ஆண்டுதோறும் இது நடக்கிறது.

எதிர்பாராத இடையூறு உறவினர்களிடமிருந்து வந்தது. ஒரு கல்யாண வீட்டு முகப்பில் என்னைப் பார்த்தவர், வாங்க என்று சொல்வதற்கு முன்பே, "என்ன ஆச்சி, இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க, சுகரா?" என்றார். அன்று மட்டும் ஐந்து பேர் கேட்டார்கள். நம் ஊரில் வயதான பெண் மெலிந்தால் நோய், இல்லையேல் மருமகள் சோறு போடவில்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் திரும்பச் சாப்பிடத் தொடங்குகிறார்கள். "சுகர் இல்லை, நானாகத்தான் குறைத்தேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடத் தாயாருக்குச் சொல்லிக்கொடுங்கள். பந்தியில் நான் பிடித்த இனிப்பு ஒன்றை முழுதாகச் சாப்பிடுவேன், பெரும்பாலும் கந்தரப்பம். மற்றவற்றுக்கு இலைமேல் கையைக் காட்டிவிடுவேன். ஆசைப்பட்டதை விட்டுவிட்டு ஆசையில்லாத மூன்றைத் தின்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

தாயாரை இந்த வாரம் எதையும் குறைக்கச் சொல்லவேண்டாம். இரவுச் சாப்பாட்டையும் திரும்பத் தொடங்கட்டும். ஏழு நாள் சாப்பிட்டதை எழுதச் சொல்லுங்கள், நாற்காலியிலிருந்து முப்பது விநாடியில் எத்தனை தடவை எழுகிறார் என்று நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள். அந்த இரண்டையும் இங்கே பதிவிட்டால், முதலில் எதில் கைவைக்கலாம் என்று என் அனுபவத்துக்கு எட்டியவரை சொல்கிறேன்.