ஒளிந்திருக்கும் நாளுக்கு 50 திர்ஹாம்

கேள்வி: என் கணவர் துபாய் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. "விசிட் விசாவில் போங்க, போனதும் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று ஏஜெண்டு 1,80,000 ரூபாய் வாங்கினார். விசா முடிந்து ஏழு மாதம். பொது மன்னிப்பு வரும், பொறுத்திரு என்கிறார்களாம் ரூமில் இருப்பவர்கள். பிடிபட்டால் ஜெயிலா? எப்படி ஊருக்கு வருவது?
- பெயர் வேண்டாம், முத்துப்பேட்டை பக்கம்

பதில்: சகோதரி, மன்னிப்பை நம்பிக் காத்திருப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கொரோனா காலச் சலுகையை விட்டுவிட்டால், அமீரகம் மன்னிப்பு அறிவித்தது 2012 கடைசியில், பிறகு 2018-ல், பிறகு 2024-ல். நடுவே ஆறாறு வருடம். கடைசியாக வந்தது 2024 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. அபராதம் நாளுக்கு 50 திர்ஹாம். ஏழு மாதத்துக்கு 10,500. நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். இன்னொரு வருடம் ஒளிந்திருந்தால் 18,250 கூடும்.

நானும் ஷார்ஜாவில் மூன்று வருடம் கல்லிவல்லியாக, அதாவது விசா இல்லாமல் ஒளிந்து இருந்தவன். பாஸ்போர்ட் முதலாளி கையில். அப்பா இறந்த செய்தி போனில் வந்தது. காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. 2012 டிசம்பர் மன்னிப்பில்தான் ஊர் திரும்பும் தாளான அவுட்பாஸ் வாங்கித் திருச்சியில் வந்து இறங்கினேன். நீடாமங்கலத்தில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடமும் பயத்தில் யாரையும் போய்க் கேட்காமல் இருந்தேனே, அது இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது. உங்கள் கணவருக்கு அது வேண்டாம்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது, தன்மேல் தலைமறைவுப் புகார் இருக்கிறதா என்று. விசிட் விசா எடுத்துக்கொடுத்த டிராவல்ஸ்காரர்களே அப்படிப் புகார் கொடுப்பதுண்டு. தெரியாமல் நேரே ஏர்போர்ட்டுக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். துபாயில் விசா வேலைகளைப் பார்க்கும் ஆமர் சென்டரில் விசாரிக்கலாம். புகார் இல்லையென்றால் அபராதம் கட்டி, வெளியேறும் அனுமதி வாங்கி, கௌரவமாக வரலாம். பின்னால் திரும்பப் போகவும் வழி அடைபடாது. பிடிபட்டு நாடு கடத்தப்பட்டால் சிறப்பு அனுமதி இல்லாமல் மறுபடி நுழைய முடியாது.

அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மனுப் போட இடமுண்டு. அதற்குப் பதில் வரும்வரை நகையை அடகு வைக்காதீர்கள். துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி எண் 800 46342. அங்கிருந்து கூப்பிடக் காசு கிடையாது. பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டு, தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் கேட்க வேண்டும். நாம் அவுட்பாஸ் என்பது அதைத்தான். ஊர் திரும்ப ஒரு தடவை மட்டும் செல்லும். கையில் காசே இல்லாதவர்களுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுக்கத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அதுவரை கிடைத்த வேலைக்குப் போகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். அனுமதியில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024-லிருந்து குறைந்தது ஒரு லட்சம் திர்ஹாம் அபராதம். அதையும் மீறி வைப்பவன் சம்பளம் தராவிட்டால் எங்கே போய்க் கேட்பது?

ஏஜெண்டு விஷயம். பதிவு பெற்ற ஏஜெண்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். வேலைக்கென்று விசிட் விசாவில் அனுப்புவது சட்டவிரோதம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்ஆப் பேச்சு, விசா நகல் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் உங்கள் ஊர் காவல் நிலையத்துக்கும் புகார் எழுதுங்கள். உங்கள் கணவர் வந்து சேரட்டும் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே எழுதலாம்.