பிளக்கை நம்பாதீர்கள், தகட்டைப் படியுங்கள்

கேள்வி: இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய சாமான் கடையில் நான்கு காலில் நிற்கும் சிறிய இசைப்பெட்டி ஒன்றைப் பார்த்தேன். ‘மேக்னஸ்’ என்று பெயர் இருக்கிறது. 37 கட்டைகள், இடக்கைப் பக்கம் 12 பொத்தான்கள். கட்டைகளுக்கு மேல் எண்கள். துருத்தி இல்லை, மின்கம்பி இருக்கிறது. கடைக்காரர் 120 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியமாக இதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரர் அதைச் சுவரில் சொருகி வாசித்துக் காட்டக் கிளம்பினால், முதலில் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இது அமெரிக்காவின் கார்டு ஆர்கன் (chord organ), அதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பெட்டி. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபின் மேக்னஸ், பிளாஸ்டிக் ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய நாக்கு) வைத்த மவுத் ஆர்கன் செய்தவர். அந்த ரீடுகளையே பெட்டிக்குள் அடுக்கி, துருத்திக்குப் பதிலாக மின்விசிறியை வைத்ததுதான் உங்கள் பெட்டி. ஆர்மோனியத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். சுரம் படிக்கத் தெரியாதவர்களும் பாட்டுப் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து வாசிப்பதற்காகத்தான் அந்த எண்கள்.

அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே அதற்கு இரு மடங்கு வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் மோட்டார் சுருள் கருகிவிடும். யாரோ ஒருவர் தட்டையான இரண்டு கால் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர் மூன்று கால் பிளக்கை மாட்டியிருப்பார். அதை நம்ப வேண்டாம். பின்பலகையில் உள்ள சிறிய தகட்டைத் துடைத்துப் படியுங்கள். 117 அல்லது 120 என்று இருந்தால் வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். தகட்டில் 40 வாட் என்றால் 100 வாட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் விசிறி சற்று மெதுவாகச் சுற்றும், ஒலி மெலியும், மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள். சுருதி பெரிதாக இறங்காது. அதைத் தீர்மானிப்பது ரீடின் நீளமும் கனமும்தான். பல்சக்கரம் சுழன்று ஒலிக்கும் பழைய ஹேமண்ட் ஆர்கனாக இருந்தால் கதை வேறு. 60 ஹெர்ட்ஸ் பெட்டி இங்கே சுருதியில் ஒன்றரைக் கட்டை இறங்கிப் பாடும்!

மின்சாரம் சரியானதும் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அழுத்தாமலே ஒரு சுரம் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். கட்டைக்கு அடியில் உள்ள மெத்தை நைந்து காற்று கசிகிறது, அவ்வளவுதான். புது மெத்தை ஒட்டினால் அடங்கிவிடும். அப்படி ஊளையிட்ட ஒரு பெட்டியை நான் திறந்தபோது, காற்றறைக்குள் ஏழு பல்லி முட்டைகளும் ஒரு பத்து காசும் கிடந்தன. பேசாத சுரத்துக்கு மெல்லிய தூரிகையால் ரீடைத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். பித்தளை ரீடைச் சுரண்டிச் சுருதி சேர்க்கும் பழக்கத்தில் பிளாஸ்டிக் ரீடின் மேல் கத்தியை வைத்துவிடாதீர்கள். ஒடிந்தால் மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

பஜனைக்கு வருவோம். இடப்பக்கப் பொத்தான்களைத் தொடாமல் இருப்பதே நல்லது. மேஜர் பொத்தான் ஒன்றை அழுத்தினால் சட்ஜமும் (ச) பஞ்சமமும் (ப) மட்டும் வராது, அந்தர காந்தாரமும் (உயர்ந்த க) சேர்ந்து வரும். மோகன ராகத்துக்குப் பொருந்தும், தோடியில் காதைக் கிழிக்கும். மைனர் பொத்தானில் வருவது சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க), கரகரப்பிரியாவுக்குச் சரி. ஆனால் இந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது, ச-வில் தொடங்கும் எந்தப் பொத்தானும் உதவாது. மற்ற ராகங்களில் சுருதிக்கு ச, ப இரண்டு கட்டைகளை மட்டும் அழுத்திப் பிடியுங்கள். கமகம் (சுரத்தை வளைத்து அசைப்பது) வராதே என்று யாராவது குறை சொன்னால், ஆர்மோனியத்திலும் வராது. அகில இந்திய வானொலி 1940-இல் தொடங்கி 1971 வரை அதை ஒதுக்கி வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கோயில்களில் யார் அந்தத் தடையைக் கேட்டார்கள்?

120 வெள்ளி அதிகம். டிரான்ஸ்ஃபார்மரையும் நீங்கள்தான் வாங்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லி 70-க்குக் கேளுங்கள். அவர் 80-க்கு இறங்கினால், மோட்டார் ஓடுவதைக் காதால் கேட்ட பிறகு கொடுங்கள்.