லண்டனிலிருந்து வந்த ஐபோனில் நம்மூர் சிம் வேலை செய்யவில்லையே, ஏன்?

மாமா அனுப்பிய பழைய ஐபோனில் திருகோணமலையில் டயலொக் சிம் போட்டதும் 'சிம் நொட் சப்போர்ட்டட்' என்று வருவதாகக் கேட்டிருந்தீர்கள். போன் பழுதில்லை, பயப்படாதீர்கள். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஓர் அடையாள எண் உண்டு. டயலொக் சிம்மில் அது 41302 என்று தொடங்கும். 413 இலங்கை, 02 டயலொக். லொக் போட்ட போன், அதாவது தங்கள் சிம் மட்டுமே வேலை செய்யும்படி ஒரு தொலைபேசி நிறுவனம் பூட்டி விற்ற போன், அந்த இலக்கங்களைப் பார்த்து, விற்ற நிறுவனத்தின் சிம் இல்லையென்றால் மறுத்துவிடும்.

செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய்க் கீழே பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் லொக் இல்லை.

லொக் இருந்தால் அதை எடுக்க வேண்டியவர் மாமாதான். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய எண்ணை, அவருக்கு அனுப்புங்கள். போன் வாங்கிய நிறுவனத்திடம் அவர் கேட்கட்டும். பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்து லொக் போட்டு விற்கத் தடை. உங்களுடையது அதற்கு முந்தியதாக இருக்கும். ஐபோனில் லொக்கை எடுக்க அடிக்கும் கோட் கிடையாது, அனுமதி ஆப்பிளின் சர்வரில் பதிவாகும். அண்ட்ரொய்ட் என்றால் கோட் தருவார்கள். அதை ஊகித்து அடிக்காதீர்கள், சில தடவை பிழைத்தால் அந்த லொக் நிரந்தரமாகிவிடலாம்.

டவுன் கடையில் சிம்மோடு ஒட்டித் தரும் மெல்லிய சிப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். அது போனை ஏமாற்றுவது மட்டுமே. ஒரு அப்டேட்டோடு நின்றுவிடலாம்.