தேள் கொட்டினால் வலியைவிட வியர்வையைக் கவனியுங்கள்

கேள்வி: கொட்டியது ஆபத்தான தேளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், இடுக்கியையும் வாலையும் பாருங்கள். இடுக்கி நண்டுக்கால் மாதிரி பருத்து வால் மெலிந்திருந்தால், பெரும்பாலும் கடுப்போடு போய்விடும். இடுக்கி ஒல்லியாகவும் வால் தடித்தும் இருந்தால் எச்சரிக்கை. இந்தியச் செந்தேள் அந்த ரகம். ஆனால் தேளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மருத்துவர் ஆளைப் பார்த்துத்தான் சிகிச்சை கொடுப்பார்.

கேள்வி: வலி குறைந்துவிட்டால் பயமில்லைதானே?

பதில்: இல்லைங்க, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செந்தேளின் விஷம் நரம்பில் சோடியம் நுழையும் கதவுகளை மூடவிடாது. அதனால் அட்ரினலின் தாறுமாறாகச் சுரந்து ரத்தக்குழாய்கள் இறுகும், இதயம் திணறும், நுரையீரலில் நீர் கோக்கும். கடுப்பு லேசாக இருக்கும்போதே இதெல்லாம் தொடங்கிவிடலாம்.

கையைத் தொட்டுப் பாருங்கள். உடம்பெல்லாம் வியர்த்து, உள்ளங்கை ஈரமாகச் சில்லிட்டிருந்தால் உடனே கிளம்புங்கள். வாந்தி, எச்சில் ஒழுகுவது, ஆண்களுக்குக் குறி விறைத்து நிற்பது ஆகியவையும் அதே எச்சரிக்கைதான். இருமலும் இளஞ்சிவப்பு நுரையும் வரும்வரை காத்திருந்தால் நிலைமை முற்றிவிடும். குழந்தையைக் கொட்டியிருந்தால் அறிகுறிக்கே காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: போகும் வழியில் என்ன செய்யலாம்?

பதில்: மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், வீங்கினால் சிக்கிக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். வாந்தி இல்லையென்றால் பாரசிட்டமால் தரலாம், குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது.

கேள்வி: தேள் கொட்டினால் மருத்துவர்கள் தரும் பிரசோசின் மாத்திரையை வீட்டில் வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உயிர்காக்கும் மருந்துதான்; மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இதைப் பயன்படுத்திக் காட்டினார். இறுகிய ரத்தக்குழாயைத் தளர்த்தும். அளவு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், கைகால் சூடாகும்வரை 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். மாத்திரை போட்டவரை எழுந்து நிற்கவிட்டால் மயங்கி விழுவார். அதனால் படுக்கவைத்து, அழுத்தத்தை அளந்துகொண்டே கொடுக்க வேண்டும். பிரசோசினோடு விஷமுறிவு மருந்தும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது.

கேள்வி: இரவில் தேளைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: புறஊதா டார்ச் அடித்தால் பச்சை கலந்த நீலமாக மின்னும். புதிதாகத் தோலுரித்த தேள் மட்டும் மின்னாது. அதனால் செருப்பையும் போர்வையையும் உதறிவிட்டே பயன்படுத்துங்கள்.