ஸ்டீராய்டு ஊசி போடாதது தவறா?
தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டில்) அடிபட்ட உங்கள் தம்பிக்கு ஸ்டீராய்டு ஊசி போடவில்லையே என்று கலங்கியிருக்கிறீர்கள். அதற்காக மருத்துவரை நொந்துகொள்ளாதீர்கள். அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் ஓரளவு பலன் உண்டு என்று 1990இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பிறகு அந்தக் கணக்கையே பலர் கேள்வி கேட்டார்கள். தொற்று, வயிற்றில் ரத்தக்கசிவு என்று ஆபத்துகளைக் காட்டி, 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் வேண்டாம் என்றது. இன்றும் சிலர் கொடுக்கிறார்கள், வாதம் ஓயவில்லை. 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தார்களே, என் பார்வையில் அதுதான் பெரிது.

இனி படுக்கைப்புண் வராமல் தம்பியின் முதுகைக் கவனியுங்கள். என் அண்ணனுக்கு வாலெலும்பின் மேல் நாணயம் அளவு சிவப்புதான் தெரிந்தது. இரண்டே நாளில் குழிப்புண். இரண்டு மணிக்கொருமுறை, இரவிலும், மருத்துவமனையில் காட்டிக்கொடுத்தபடி புரட்டிப் படுக்க வையுங்கள்.