உறிஞ்சுவதும் ஒன்றிப்போவதும்

வணக்கம் ஐயா,

உங்கள் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் 'அப்சார்ப்ஷன்' என்ற ஒரே சொல்லை ஓரிடத்தில் உறிஞ்சுதல், இன்னோரிடத்தில் உள்வாங்குதல், மனதைப் பற்றி வரும்போது லயிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றுதானே, ஒரே சொல்லாக வைத்திருக்கக்கூடாதா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அப்படித்தான் முயன்றேன், சரிவரவில்லை. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுகிறது, சரி. அதையே 'பெரிய சமூகம் சிறிய சமூகத்தை உறிஞ்சிக்கொண்டது' என்று எழுதிப் பாருங்கள், ரத்தம் குடிப்பதுபோல ஆகிவிடும். தமிழில் உறிஞ்சுதல் என்றால் பாதி சுரண்டல்தான். (பல இடங்களில் நடப்பதும் அதுதான் என்பது வேறு விஷயம்.)

அறிவியலிலேயே அது ஒரே மாதிரி நடப்பதில்லை. பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் தண்ணீராகவே திரும்பிவிடும். கறுப்புத் துணி உறிஞ்சிய வெயில் அப்படித் திரும்பாது, சூடாகிவிடுகிறது. எனக்குப் பிடித்தது சூரிய நிறமாலைதான், அதாவது வெயிலைப் பிரித்தால் வரும் நிற வரிசை. 1814 வாக்கில் ஃபிரான்ஹோஃபர் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் அதில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைப் பார்த்துக் குறித்துவைத்தார், அவை ஏன் வருகின்றன என்று கிர்ச்சாஃப் என்ற இன்னொரு இயற்பியலாளர் சொன்னது 1859இல். சூரியனின் வெளி அடுக்கில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள நிறங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது, அந்த இடங்கள் இருண்டு தெரிகின்றன. காணாமல் போனதை வைத்தே எடுத்தது யார் என்று கண்டுபிடித்துவிடலாம்!

சமூகத்துக்கு மொழிதான் நல்ல உதாரணம். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியம் தந்தவை, சாவியை, ஜன்னலில் என்று நம் உருபுகளைப் போட்டுக்கொண்டு வீட்டுச் சொற்களாகிவிட்டன. தமிழும் சும்மா இருந்துவிடவில்லை, இப்படி வெளியிலிருந்து வந்த சொற்களுக்காக 'ஜ'வைச் சொல்லின் முதலிலேயே உட்காரவைத்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் மாறினால்தான் அது உள்வாங்குதல். வந்தவர் மட்டும் மாற வேண்டுமென்றால் உறிஞ்சுதல் என்றே போடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மனதுக்கு வந்தால் திசையே திரும்பிவிடுகிறது. 1974இல் டெல்லிகன், அட்கின்சன் என்ற உளவியலாளர்கள் ஒன்றில் முழுக்க மூழ்கிப்போகிற குணத்துக்கு இந்தச் சொல்லைப் பெயராக வைத்தார்கள். ஹிப்னாடிசத்துக்கு ஆட்படும் தன்மையோடு அதற்குத் தொடர்பு இருப்பதையும் காட்டினார்கள். ஆங்கிலத்தில் புத்தகம் ஆளை இழுத்துக்கொள்கிறது. தமிழில் ஆள்தான் புத்தகத்தோடு ஒன்றிப்போகிறார், லயித்துப்போகிறார், கரைந்துபோகிறார். இங்கே நாம் பஞ்சு இல்லை, உப்பு.

அதனால் மூன்றும் அப்படியே இருக்கட்டும். அப்புறம், கட்டுரையின் கடைசிப் பத்தியில் கைபேசி நம் கவனத்தை 'உறிஞ்சுகிறது' என்று வருகிறதே, அதைத் தெரிந்தேதான் எழுதினேன்.