டில்ட்-ஷிஃப்ட் லென்ஸுக்கு பர்சனல் லோன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் ஒரு நிறுவனத்தில் ஆர்க்கிடெக்ட்டாக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் ₹55,000. வார இறுதிகளில் வீடு, ஓட்டல் கட்டடங்களைப் படமெடுத்துத் தருகிறேன். ஷூட்டுக்கு ₹30,000 வாங்குகிறேன். போன நிதியாண்டில் 12 ஷூட் செய்தேன். அதில் ₹90,000 இன்னும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்க ஆசை. என்னிடம் ஒரு ஃபுல் ஃபிரேம் கேமராவும் 16-35 லென்ஸும் இருக்கின்றன. புது கேமரா, 17, 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்கள் (கட்டடத்தின் கோடுகள் சாயாமல் எடுக்க, கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தவும் சாய்க்கவும் முடிகிறவை), ட்ரோன், லேப்டாப் எல்லாம் சேர்த்து ₹6.8 லட்சத்துக்கு கொட்டேஷன் வந்திருக்கிறது. 14% வட்டியில் 3 வருட லோன் கிடைக்கும். எஃப்டி ₹4 லட்சம், வீட்டுச் செலவு மாதம் ₹38,000. லோன் எடுக்கலாமா? ஆர்க்கிடெக்ட் என்பதால் வருமானத்தில் பாதிக்குத்தான் வரி என்று நண்பர் சொல்வது சரியா?

பதில்: லோன் வேண்டாம். மாதத் தவணை சுமார் ₹23,240, மொத்த வட்டி ₹1.57 லட்சம் வரும். வேலையை விட்ட முதல் வருடம் 20 ஷூட் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். வரவு ₹6 லட்சம். பயணம், உதவியாளர், லென்ஸ் வாடகை, ஹார்ட் டிஸ்க் என ஷூட்டுக்கு ₹6,000 போனால் மாதம் ₹40,000 நிற்கும். வீட்டுச் செலவுக்கு அது மட்டுமட்டாகப் போதும். தவணையும் கட்டினால் மாதம் ₹21,000-க்கு மேல் துண்டு விழும். எல்லோரும் நாள் தவறாமல் பணம் கொடுத்தாலும் எஃப்டி 19 மாதத்தில் காலி.

முழுநேரம் என்றால் மாதம் பத்து ஷூட் பண்ணலாமே என்று தோன்றும். நேரில் போய்ப் பார்க்க அரை நாள், ஷூட் ஒரு நாள், எடிட்டிங் இரண்டு நாள், திருத்தங்களுக்கு அரை நாள் என ஒரு வேலைக்கு நான்கு நாள் பிடிக்கும். மாதத்துக்கு ஐந்துதான் உச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் அதுவும் குறையும். இன்னொன்று, நம் பக்கம் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். வானத்தின் நீலமும் உள்விளக்குகளின் வெளிச்சமும் ஒத்துப்போவது ஏறத்தாழ 20 நிமிடம். அதற்குள் ஒரு ஃபிரேம், மிஞ்சினால் இரண்டு. அன்று பார்த்து ஈபி இணைப்பு வரவில்லை என்றாலோ, ஜன்னல் கண்ணாடியில் ஸ்டிக்கர் உரிக்காமல் இருந்தாலோ மறுநாளும் போகவேண்டும். அந்த இரண்டாம் நாளுக்குத் தனிக் கட்டணம் என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். பலர் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான்.

டில்ட்-ஷிஃப்ட்டை இப்போதைக்கு வாடகைக்கே எடுங்கள். வாடகை நாளுக்கு ₹1,500 என்றால் ₹1.5 லட்சம் லென்ஸுக்கு ஈடுகட்ட 100 நாள் வேண்டும். வருடம் 20 ஷூட்டுக்கு அது ஐந்து வருடம். வெப்சைட்டுக்கு மட்டும் போகிற படங்களுக்கு, ட்ரைபாடில் கேமராவை மட்டமாக வைத்து 16 மி.மீ.யில் எடுத்து, மேல்கீழ் வெட்டினால் போதும். பெரிய பிரிண்ட், குறுகிய தெருவில் உயரக் கட்டடம் என்றால் வாடகை லென்ஸ். முதலில் கியர்டு ஹெட் (ட்ரைபாடின் மேல் கேமராவைத் திருகி நுணுக்கமாக மட்டப்படுத்தும் தலைப்பகுதி) ஒன்று வாங்குங்கள். பிறகு வாங்கினால் 24 மி.மீ., அதுவும் பழையது. வாங்கும்போது முழுதாக ஷிஃப்ட் செய்து பூட்டி, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பளுவில் தானாக இறங்கினால் வேண்டாம். 17 மி.மீ.யின் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் சாதாரண ஃபில்டரும் போடமுடியாது.

லென்ஸைவிட அவசரம், வரவேண்டிய ₹90,000. உங்கள் வருட வரவில் கால் பங்கு வெளியே நிற்கிறது. இனி தேதியை உறுதி செய்ய 50%, வாட்டர்மார்க் போட்ட சிறிய படங்கள் காட்டியதும் 30%, மீதி 20% வந்த பிறகே பெரிய ஃபைல்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவை உடனே செய்யுங்கள், இலவசம். அதன் பிறகு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரவேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மும்மடங்கு வட்டி கேட்கலாம். கெடு தாண்டி மார்ச் 31-ல் நிற்கும் பில்லை வாடிக்கையாளர் அந்த வருடச் செலவாகக் கழிக்கவும் முடியாது. பில்டர்கள் இதற்கு அசைவார்கள். உத்தேச வருமானத் திட்டத்தில் (வரவில் பாதியை லாபமாக வைத்து) வரி கட்டும் சிறிய ஆர்க்கிடெக்ட்டுகள் செலவுக் கணக்கே காட்டுவதில்லை, அவர்களிடம் இது எடுபடாது. அங்கே அட்வான்ஸ் ஒன்றுதான் வழி.

அடுத்தது பதிப்புரிமை. 1957-ஆம் வருடச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே. வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால்தான் உரிமை உங்களுக்கு. வெளிநாட்டு யூடியூப் பாடங்களை நம்பி ‘படம் என்னுடையது’ என்று இருந்துவிடாதீர்கள். உரிமை போட்டோகிராஃபருடையது, ஆர்க்கிடெக்ட் தன் வெப்சைட், சமூக வலைத்தளம், விருது விண்ணப்பங்களுக்குப் பயன்படுத்தலாம், பிறருக்குத் தருவதற்குத் தனிக் கட்டணம் என்று ஷூட்டுக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதே வீட்டின் டைல்ஸ், ஜன்னல், விளக்கு நிறுவனங்களுக்கும் அந்தப் படங்கள் தேவை. ஷூட்டுக்கு முன்பே சேரும் ஒவ்வொரு நிறுவனமும் அடிப்படைக் கட்டணத்தில் 40% தரவேண்டும் என்று வைத்தால், இருவர் சேர்ந்தாலே ஒரு ஷூட்டில் ₹54,000. கூடுதல் நாள் எதுவும் தேவையில்லை.

வரி விஷயத்தில் நண்பர் சொல்வது உங்கள் டிசைன் கட்டணத்துக்குத்தான் பொருந்தும். மேலே சொன்ன அந்த 50% உத்தேச வருமானத் திட்டத்தின் பட்டியலில் கட்டடக்கலை உண்டு, கட்டடங்களைப் படமெடுப்பது இல்லை. பில் வைத்து லாபக் கணக்குக் காட்டுங்கள். புதிய வரி முறையில் ₹12 லட்சம் வருமானம் வரை வரி கிடையாது, ஆக உங்களுக்கு இந்தச் சர்ச்சையே தேவையில்லை. கம்பெனிகள் பில் தொகையில் முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ் வரி, ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் திரும்பும். கையிருப்பில் அதற்கு இடம் விடுங்கள். வருட வரவு ₹20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, பெங்களூரு, கொச்சி வாடிக்கையாளர்கள் இருந்தாலும்.

எஃப்டியை உடைக்காதீர்கள்; அவசரத்துக்கு அதன்மேல் ஓவர்டிராஃப்ட் எடுத்தால் பர்சனல் லோனைவிட வட்டி குறைவு. பிஎஃப் பணத்தையும் எடுக்கவேண்டாம். ஆறு மாதம் தொடர்ந்து மாதம் மூன்று ஷூட்டாவது வந்து, அட்வான்ஸ் முறையும் பழகிவிட்டால் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம். அதற்கு முன்பே சொந்த மெடிக்ளைம் எடுத்துவிடுங்கள்.

ட்ரோனை கொட்டேஷனிலிருந்து நீக்குங்கள். 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிகத்துக்குப் பறக்கவிட 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். அது வைத்திருப்பவரை அன்றைக்கு மட்டும் அழைத்து, அந்தக் கட்டணத்தை பில்லில் தனி வரியாகப் போடுங்கள்.